கங்காணியின் மடியில் ஒரு காகிதம்

வீட்டுக்கு வயர் மாற்ற வந்த பையனுக்கு இருபது வயதிருக்கும். ஹட்டனில் ஒரு மின்சாமான் கடையில் வேலை பழகியவன். செப்புக் கம்பியின் நுனியைச் சீவினான். மோதிரம் மாதிரி ஒரு சின்னக் குழாயை அதில் மாட்டினான். குறட்டின் பல்லுக்குள் வைத்து ஒரே அழுத்து. குழாய் நசுங்கிக் கம்பியைக் கவ்விக்கொண்டது. “கிரிம்ப் பண்ணியாச்சுண்ணே, இழுத்துப் பாருங்க” என்றான். இழுத்தேன். அசையவில்லை. “இனி கம்பி அறுந்தாத்தான் உண்டு” என்றான்.

கிரிம்ப். அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து கேட்டதும் எனக்கு ஒரு கணம் கை நின்றுவிட்டது. பல ஆண்டுகளாக அதை நான் வேறோர் இடத்தில் படித்து வருகிறேன். இலங்கைத் தோட்டத்துரைமாரின் பழைய அறிக்கைகளிலும் தொழிலாளர் விசாரணைக் குழுக்களின் பதிவுகளிலும் அது திரும்பத் திரும்ப வரும். அங்கே கிரிம்ப் பண்ணப்பட்டவர்கள் மனிதர்கள். ஒரு தோட்டத்து ஆட்களை ஆசை காட்டி இன்னொரு தோட்டம் இழுத்துக்கொள்வதற்குத் துரைமார் வைத்த பெயர் அது. அந்தச் சொல் வரும் பக்கத்திலேயே, விட்டுப் பிரியாத சோடியாக, நம்முடைய தமிழ்ச் சொல் ஒன்றும் ஆங்கில எழுத்தில் உட்கார்ந்திருக்கும். துண்டு.

கிரிம்ப் கடல் கடந்து மலையேறி வந்த சொல். துண்டோ இங்கேயிருந்து ஆங்கிலத்துக்குள் போன சொல். இரண்டும் சந்தித்த இடம் கண்டிச் சீமை என்று நம் முன்னோர் அழைத்த இந்த மலைநாடு. நான் சொல்ல வருவது அந்தத் துண்டின் கதை. துணி அல்ல, காகிதம். எங்கே பிறந்தது, யார் மடியில் ஏறிப் பயணம் போனது, எப்போது செத்தது, செத்தபின் எந்த உருவில் நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது என்ற கதை.

அதற்குமுன் கிரிம்ப் எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று பார்த்துவிட வேண்டும். வளைந்தது, முறுக்கியது, மடங்கியது என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் பலவற்றுக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. அவை நேர்மையற்றதையும் குறிக்கும். குரூக் என்பது முதலில் கொக்கிதான்; பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தது. ஆடு மேய்க்கிறவன் கையிலுள்ள வளைந்த கோலுக்கும் அதுவே பெயர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் அது ஏமாற்றுக்காரனின் பெயராகிவிட்டது. தவறு என்று பொருள்படும் ராங் என்ற சொல்லின் வேரில் கிடப்பதும் கோணல்தான். ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதற்கான சொல்லும் அதற்கு உறவு. மிரட்டிப் பணம் பறிப்பதற்கான எக்ஸ்டோர்ஷன் என்ற சொல்லை இலத்தீன் வரைக்கும் உரித்துப் பார்த்தால், முறுக்கி வெளியே எடுப்பது என்ற படம் வரும். இலஞ்சம் வாங்கும் போலீஸ்காரனைப் பிரித்தானியர் பென்ட் என்பார்கள். வளைந்தவன் என்று அர்த்தம்.

தமிழும் இப்படித்தான் யோசித்திருக்கிறது. நேராக இருப்பது நேர்மை. கோல் நிமிர்ந்தால் செங்கோல், வளைந்தால் கொடுங்கோல்; வள்ளுவர் 55ஆம் அதிகாரத்தை முதலதற்கும் 56ஆம் அதிகாரத்தை இரண்டாவதற்கும் ஒதுக்கினார். ஏமாற்றைப் புரட்டு என்கிறோம், திருகுதாளம் என்கிறோம். புத்தி கோணல் என்கிறோம். கண்ணால் கண்ட வளைவை மனத்தின் வளைவுக்குப் பெயராக வைக்கும் வழக்கம் இரண்டு மொழிக்கும் உண்டு. யாரைப் பார்த்து வளைந்தவன் என்று சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தப் பெயரை வைக்கும் உரிமை யார் கையில் இருக்கிறது என்பதிலும்.

கிரிம்ப் என்ற வினைச்சொல் டச்சுப் பக்கத்திலிருந்து வந்தது. சுருங்கச் செய்வது, மடிப்பு மடிப்பாக நெளிப்பது. கூந்தலைச் சூட்டுக் குறட்டால் நெளிப்பதும் அதுதான், என் வீட்டுக் கம்பியை நசுக்கியதும் அதுதான். இன்னொரு கிரிம்ப் 17ஆம் நூற்றாண்டில் துறைமுகத்து ஆளாகத் தோன்றினான். இருவரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகளா என்று அகராதிக்காரர்கள் உறுதி சொல்வதில்லை. அந்தத் துறைமுகத்துக் கிரிம்ப் ஆள் பிடிக்கிற தரகன். கப்பலை விட்டு இறங்கும் மாலுமியைத் தன் விடுதிக்கு அழைத்துப்போவான், சாராயம் வாங்கிக் கொடுப்பான், கடன் ஏற்றுவான், பிறகு அந்தக் கடனுக்காக இன்னொரு கப்பலில் அவனை ஏற்றிவிட்டு, மாலுமிக்கு வரவேண்டிய முன்பணத்தைத் தான் வாங்கிக்கொள்வான். லிவர்பூல், சான்பிரான்சிஸ்கோ போன்ற துறைமுகங்களில் இது பெரிய தொழிலாகவே நடந்தது. முன்பணம், கடன், ஆளைக் கைமாற்றுதல் என்ற இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மலைநாட்டிலும் இதே மூன்றுதான்.

இங்கே முதலில் கோப்பி. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில் ஆள் வேண்டும். முடிந்ததும் ஆட்கள் ஊருக்குத் திரும்புவார்கள். 1869இல் கோப்பி இலையில் ஒரு பூஞ்சை நோய் தோன்றி, பிறகு மெல்ல மெல்ல அந்தப் பயிரையே தின்று முடித்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னதாக, 1867இல், லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். கோப்பி போன இடமெல்லாம் தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. வாரம் தவறினால் கொழுந்து முற்றிவிடும். வருடம் முழுக்க, மழையானாலும் பனியானாலும், மலையில் ஆள் நிற்க வேண்டும். வந்த ஆள் திரும்பிப் போகக்கூடாது. துண்டின் கதை உண்மையில் தொடங்குவது இந்தத் தேவையில்தான்.

ஆளைக் கொண்டுவந்தவர் கங்காணி. கண்காணிப்பவர் என்ற தமிழ்ச்சொல் அது. ஆங்கிலமும் அப்படியே எடுத்துக்கொண்டது. பெரிய கங்காணி துரையிடம் பணம் வாங்கிக்கொண்டு திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போவார். பஞ்சத்தில் அடிபட்டுக் கிடப்பவர்களின் ஊர்க்கடனை அடைத்து, வழிச்செலவு கொடுத்து, குடும்பம் குடும்பமாகக் கூட்டிவருவார். தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டியதாக எங்கள் ஊர்களில் இன்றைக்கும் சொல்வார்கள். என் அப்பாயி இதைச் சொல்லும்போது சிரிக்க மாட்டாள். அவளுடைய அம்மா அதை நம்பி வந்தவள்.

முந்திய காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் காட்டுவழி நடை. வாந்திபேதியில் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். பிறகு 1885இல் ரயில் நானுஓயாவைத் தொட்டது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எந்தத் தோட்டத்து ஆள் என்று தெரிவதற்காகத் தோட்டத்தின் அடையாளமும் எண்ணும் பொறித்த தகரத் தட்டைக் கழுத்தில் தொங்கவிட்டு அனுப்பினார்கள். பயணம் எப்படி இருந்தாலும் அதன் செலவு ஆளின் பேரில் கடனாக எழுதப்பட்டது. லயம் என்ற வரிசைவீட்டின் காம்பராவில் முதல் அடுப்பு மூட்டும் முன்பே கடன் வந்து உட்கார்ந்துவிடும். பிறகு அரிசிக்கு, கம்பளிக்கு, கலியாணத்துக்கு, சடங்குக்கு, சாவுக்கு என்று அது வளரும். ஓடிப்போனவன் கடனையும் செத்தவன் கடனையும் மிச்சமிருக்கிற கூட்டத்தின் தலையில் ஏற்றிய கங்காணிகளும் இருந்தார்கள். கணக்கு கங்காணியிடம். படிக்கத் தெரியாத கூட்டத்துக்கு அவர் சொன்னதே கணக்கு.

பிஜிக்கும் மொரிசியசுக்கும் போனவர்களைப் போல எங்கள் தொழிலாளர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்டவர்கள் அல்ல என்று இலங்கைத் துரைமார் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். சட்டத்தின் எழுத்து அப்படித்தான் இருந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி தோட்டத்து ஆள் மாதக் கூலி. ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்துவிட்டுப் போகலாம். கொடுக்காமல் போனால் குற்றம், சிறைக்கு அனுப்பலாம். ஆனால் முன்னறிவித்தல் கொடுத்தாலும் எங்கே போவது? கடனை யார் அடைப்பது? கடனோடு வரும் ஆளை எந்தத் துரை எடுப்பார்? சட்டம் திறந்து வைத்த அந்தக் கதவின் நிலைப்படியில் ஒரு காகிதம் உட்கார்ந்துகொண்டது. அதுதான் துண்டு.

துண்டு துரையின் ஆபீஸ் மேசையில் பிறக்கும். இன்ன கங்காணியும் அவருடைய ஆட்கள் இத்தனை பேரும், இத்தனை ரூபாய் எனக்குச் செலுத்தப்பட்டால், தோட்டத்தை விட்டுப் போகலாம். இந்தத் தேதிக்குள் செலுத்த வேண்டும். அவ்வளவுதான் அதன் உள்ளடக்கம். கீழே துரையின் கையெழுத்து. ஆட்களின் பலமோ கைத்திறனோ அதில் இல்லை. ஆள் எண்ணிக்கையும் தொகையும் மட்டும்.

கங்காணி அதை வாங்கி மடித்து மடியில் செருகிக்கொண்டு புறப்படுவார். டிக்கோயாவில் பிறந்த துண்டு மஸ்கெலியாவுக்குப் போகும், பொகவந்தலாவைக்குப் போகும், தலவாக்கலை ஏறி லிந்துலைக்கும் திம்புளைக்கும் போகும். ஆள் பஞ்சத்தில் இருக்கிற இன்னொரு துரை அதைப் படித்துப் பார்ப்பார். பேரம் நடக்கும். பழைய தொகையை அடைக்கப் பணம். கங்காணியின் கைக்கு மேற்கொண்டு பணம். பணம் பழைய தோட்டத்துக்குப் போனதும் ஒரு விடியற்காலை மொத்தக் கூட்டமும் சட்டிபானை, அம்மி, குழந்தை குட்டியோடு மலையைச் சுற்றி நடக்கும். புதிய தோட்டத்துப் பேரேட்டில் அவர்கள் கடன் முந்தியதை விடக் கூடுதலான தொகையோடு திறக்கும். அடுத்த துண்டு எழுதப்படும்போது அந்தக் கூடுதல் தொகைதான் அதில் ஏறும். இப்படித் துண்டு ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போகப் போகக் கனத்தது. சுமந்தவர் மடியில் அந்தக் கனம் தெரியாது. அதில் எண்ணிக்கையாக இருந்தவர்களின் முதுகில் தெரியும்.

இந்த இழுப்புக்குத்தான் துரைமார் கிரிம்பிங் என்று பெயர் வைத்தார்கள். அவர்களுடைய சங்கம் 1854இலேயே கண்டியில் தொடங்கிவிட்டது. ஆள் இழுப்பைப் பற்றிய புலம்பல் அவர்கள் கூட்டங்களில் ஓயாமல் ஒலித்தது. ஆளை இழுக்கிற கங்காணி கிரிம்ப். சொல்லாமல் போகிற ஆள் போல்ட்டர், அதாவது கட்டவிழ்ந்து ஓடும் குதிரைக்குச் சொல்கிற சொல். இந்தப் பெயர்களை வைத்தவர்களிடமே மறுபக்கமும் இருந்தது. தன் ஆளை இழுத்தால் அது கிரிம்பிங். பக்கத்துத் தோட்டத்து ஆளுக்குப் பணம் கட்டி எடுத்தால் அது ஆள் சேர்ப்பு. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ரப்பர் விலை ஏறியதும் தாழ்நாட்டு ரப்பர்த் தோட்டங்களுக்கும் ஆள் தேவைப்பட்டது. முன்பணம் தாறுமாறாக ஏறியது. 1908இல் அரசாங்கம் தொழிலாளர் விசாரணைக் குழு ஒன்றை அமர்த்தியபோது, துரைமார் அதன் முன்வந்து கடனையும் துண்டையும் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசினார்கள்.

அந்தப் பேச்சுகளைப் படிக்கும்போது எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. ஆளை இழுத்தவனுக்கு ஆங்கிலத்தில் கோணலான பெயர் கிடைத்தது. போனவனுக்கும் கிடைத்தது. ஆளைக் கட்டிப்போட்ட காகிதத்துக்கு மட்டும் அந்த மொழி ஒரு கெட்ட பெயரையும் தரவில்லை. தமிழன் வைத்த பெயரையே அப்படியே விட்டுவிட்டார்கள். துண்டு: ஒரு சின்னத் துணுக்கு. மாம்பழத்தில் ஒரு துண்டு, கருவாட்டில் ஒரு துண்டு என்பதுபோல யாருக்கும் தீங்கு நினைக்காத சொல். ஆங்கிலேயன் காதுக்கு அதில் வளைவு எதுவும் கேட்டிருக்காது. மனிதனின் வழியை மறித்து உட்கார்ந்திருந்த பொருளுக்கு அப்படியொரு சாதுவான பெயர். கால் வைத்து நடந்தவனுக்கு ஓடுகாலிக் குதிரையின் பெயர். ஆங்கிலச் சொற்களில் எனக்கு மிகவும் கோணலாகத் தெரிவது இந்தப் பங்கீடுதான்.

கங்காணிமாரை நான் தப்பிக்க விடவில்லை. கூட்டத்தின் வேர்வையில் கட்டடம் கட்டியவர்கள் அவர்களில் உண்டு. எத்தனை பேர் வேலைக்கு வந்தார்களோ அத்தனை தலைக்கும் நாளுக்கு இவ்வளவு சதம் என்று தோட்டம் அவர்களுக்குத் தலைக்காசு கொடுத்தது. ஆனாலும் அந்தத் துண்டை எழுதியது அவர்கள் கை அல்ல.

எதிர்ப்புக் குரல் மெல்ல எழுந்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலம், தொழிலாளியை வேலைக் குற்றத்துக்காகச் சிறையில் அடைக்கும் பிரிவுகளை நீக்க வேண்டும் என்று விடாமல் வாதாடினார்; 1919இல் தொழிலாளர் நலனுக்கென்று ஒரு சங்கத்தையும் தொடங்கினார். கடலுக்கு அந்தப் பக்கம் சென்னை அரசாங்கம், மார்ஜோரிபாங்ஸ் என்ற அதிகாரியையும் அகமது தம்பி மரைக்காயரையும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் அனுப்பியது. 1917இல் வந்த அவர்களுடைய அறிக்கை தோட்டக் கடனைப் பற்றி வெளிப்படையாகவே பேசியது. தொழிலாளரை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு இந்தியா புதுச் சட்டம் எழுதத் தயாராகிக்கொண்டிருந்தது. ஆள் வரத்தே நின்றுபோகலாம் என்ற அச்சம் கொழும்புக்கும் கண்டிக்கும் எட்டியது. அருணாசலம் போன்றவர்களின் மனச்சாட்சியும் துரைமாரின் அச்சமும் சேர்ந்தே காரியத்தை நடத்தின. இரண்டில் எது கூடுதல் வேலை செய்தது என்று கேட்டால் அச்சம் என்றுதான் சொல்வேன்.

1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டை ஒழித்தது. ஆங்கிலத்தில் எழுதிய சட்டம். ஒழிக்க வேண்டிய பொருளுக்கு ஆங்கிலச் சொல் இல்லாததால், பழனி மலையடிவாரத்திலிருந்தும் காவேரிக்கரையிலிருந்தும் நடந்து வந்தவர்களின் வாய்ச்சொல் ஆங்கிலேயனின் சட்டப் பேச்சுக்குள் நுழைந்து, அங்கேயே தன் முடிவையும் கண்டது.

காகிதம் போனாலும் கடன் உடனே போய்விடவில்லை, கங்காணியும் போய்விடவில்லை. தொழிற்சங்கவாதி கோ. நடேசய்யர் போன்றவர்கள் தோட்டத்துக்குள் நுழையவே முடியாத காலம் அது. புடவை வியாபாரி வேடத்தில் அவர் லயங்களுக்குள் போய் நிலைமையைப் பார்த்து வந்த கதையை மலையகத்தில் கேட்காதவர் குறைவு. அவர் பத்திரிகை நடத்தினார், துண்டுப் பிரசுரம் அடித்தார், 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். துண்டுப் பிரசுரம் என்று எழுதும்போது விரல் ஒரு நொடி தயங்குகிறது. ஆளைக் கட்டிய சொல்லே ஆளை எழுப்பவும் வந்து நின்றிருக்கிறது.

கிரிம்ப் எங்கள் பேச்சுக்குள் வரவேயில்லை. ஆங்கிலச் சொற்களைத் தோட்டத்துத் தமிழ் எப்படி எடுத்துக்கொண்டது என்பதை நினைத்தால் இது எனக்கு வியப்பு. லைன் லயமாயிற்று. கொன்ட்ராக்ட் கொந்தரப்பாயிற்று. காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கும் பரேட், பெரட்டாயிற்று. அந்த இடம் பெரட்டுக்களம். பேச்சு வழக்கில் நாம் புரட்டு என்பதையும் பெரட்டு என்றுதானே சொல்கிறோம்? புரட்டிப் போடு என்பது பெரட்டிப் போடு. பனி இறங்கிக்கொண்டிருக்கும் அந்த ஐந்தரை மணி இருட்டில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு வரிசையில் நிற்கும்போது, நேரம் பிந்தி வந்தவளைத் திருப்பி அனுப்பும்போது, அந்தச் சொல்லில் இரண்டு பொருளும் ஒன்றாய்க் கேட்டிருக்கும். அப்படிக் கேட்கவேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. காது தன் வேலையைச் செய்தது. ஆனால் கிரிம்ப் என்ற சொல்லை மட்டும் எங்கள் சனம் வாயில் வைக்கவில்லை. தங்களைக் குற்றவாளியாக்குகிற சொல்லை யார் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள்? துரை பங்களாவோடு அது நின்றுவிட்டது. நூறு ஆண்டு கழித்துக் குறட்டோடும் செப்புக் கம்பியோடும், வெறும் வேலைச் சொல்லாக, அந்தப் பையன் மூலம் என் வீட்டுக்குள் வந்தது.

ஆங்கிலம் வளைவைக் கெட்டதென்று சொல்லாத இடம் ஒன்றும் இந்த மலையில் இருக்கிறது. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைக்குள் போய்ப் பாருங்கள். இரவெல்லாம் வாட்டிய கொழுந்து, தோல்போலத் துவண்டு, உருட்டும் இயந்திரத்துக்குள் விழும். வட்டத் தட்டின்மேல் அது சுழன்று சுழன்று கசங்கும். இலையின் கண்ணறைகள் உடைந்து சாறு வெளியே வரும். ஒவ்வோர் இலையும் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு நூல்போல முறுகும். அந்த முறுக்குக்கு ட்விஸ்ட் என்று பெயர். நன்றாக முறுக்கிய, கம்பிபோன்ற இலை என்று தேயிலை சுவைப்பவர் எழுதினால் அது பாராட்டு. ஏலத்தில் விலை ஏறும். முறுகாமல் தட்டையாய்த் திறந்து கிடக்கிற இலைக்கு மதிப்புக் குறைவு.

ஆனால் அந்தக் கொழுந்து ஸ்டோருக்கு வருமுன், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒரு கொக்கியில் தொங்கிவிட்டு வருகிறது. நான் சின்னவனாக இருந்தபோது பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அங்கே நிற்பேன். மடுவத்து முகட்டிலிருந்து தராசு தொங்கும். அதன் அடியில் ஒரு இரும்புக் கொக்கி, பிடித்துப் பிடித்து வெள்ளிபோல மினுங்கும். அம்மா நெற்றிப்பட்டியைத் தளர்த்திக் கூடையை இறக்குவாள். கொழுந்தைச் சாக்கில் கொட்டி, அந்தக் கொக்கியில் மாட்டுவாள். முள் ஆடும். ஆடி நிற்கும் முன்பே கணக்கப்பிள்ளை எண்ணைச் சொல்லிவிடுவார். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு, முற்றல் இலைக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு மிச்சத்தை எழுதுவார். மழை நாளில் ஈரம் என்பார். வெயில் நாளிலும் ஏதோ ஒன்று இருக்கும். அம்மாவின் கண் முள்ளில் இருக்கும். வாய் திறக்க மாட்டாள். அந்தத் தோட்டத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. தராசு எல்லாத் தோட்டத்திலும் தொங்குகிறது. குரூக் என்ற சொல்லுக்கு முதல் பொருள் கொக்கி என்று பின்னாளில் அகராதியில் படித்தபோது எனக்கு அந்த மடுவம்தான் கண்முன் வந்தது. வளைந்த இரும்பின்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அது வளைந்திருந்தால்தான் சாக்கைத் தாங்கும். கழித்து எழுதிய பேனாதான் நேராய் இருந்திருக்க வேண்டும்.

குறிப்பிட்ட கிலோ வராவிட்டால் அன்றைக்கு அரைப் பேர். பேர் என்றால் ஒரு நாள் வேலை. ஆளின் பெயரைப் பேரேட்டில் போட்டால்தான் அவள் அன்று வேலை செய்ததாகக் கணக்கு. அதனால் நாள் என்ற சொல்லின் இடத்தில் பேர் வந்து உட்கார்ந்துவிட்டது. இந்த மாதம் எத்தனை பேர் என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டால், எத்தனை நாள் உன் பெயர் எழுதப்பட்டது என்று அர்த்தம். பாதி எழுதினால் அரைப் பேர். ஒரு பெண்ணின் பெயரைப் பாதியாக்க முடியும் என்பதை நான் கணக்கு வாய்ப்பாட்டுக்கு முன்பே தெரிந்துகொண்டேன். 2021இல் சம்பளச் சபை ஒரு நாளைக்கு 1,000 ரூபாய் என்று தீர்மானித்த பிறகும், அந்த ஆயிரத்துக்கும் பெண்ணுக்கும் நடுவே கிலோக் கணக்கு நின்றது.

துண்டு என்ற சொல் இலங்கைத் தமிழில் நன்றாகவே உயிரோடிருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுப்பது மருந்துத் துண்டு. கடைக்காரருக்கு எழுதி அனுப்புவதும் துண்டு. அரசாங்கத்தின் வரவுசெலவுத் திட்டத்தில் வரவுக்கு மேல் செலவு போனால், பத்திரிகைகள் துண்டுவிழும் தொகை என்று போடும். எங்கள் வீட்டில் மாதா மாதம் வந்தது சம்பளத் துண்டு.

சம்பளத்தன்று பின்னேரம் அம்மா அதைக் கொண்டுவருவாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயது வந்ததும் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. மண்ணெண்ணெய் விளக்கடியில் குந்திக்கொண்டு, விரல் வைத்து ஒவ்வொரு வரியாக வாசிப்பேன். மேலே வேலை செய்த பேர்; அதன் தொகை. அதற்குக் கீழே கழிவுகள். சேமலாப நிதி. சங்கச் சந்தா. அரிசி, மா. தேயிலைத் தூள். கோயில். டோபி. அப்புறம் தீபாவளி முற்பணத்தில் இந்த மாதத் தவணை. தீபாவளி முடிந்து மாதங்கள் ஆன பிறகும் அந்த வரி இருக்கும். ஒவ்வொரு கழிவுக்கும் அம்மா ஒரு விரலை மடக்குவாள். இரண்டு கை விரலும் மடங்கி முடிந்தால் திரும்பவும் முதல் விரலுக்கு வருவாள். அப்பாயி அடுப்படியிலிருந்தே கேட்பாள்: “கடைசியில என்னா எழுதியிருக்கு?”

நான் சொல்வேன். சில மாதங்களில் மிச்சம் இருக்கும். சில மாதங்களில் கழிவு சம்பளத்தைத் தாண்டியிருக்கும். அப்போது கடைசி வரியில் ஒரு தொகை அடுத்த மாதத்துக்குப் போகும்.

“துண்டு விழுந்துருச்சா?” என்பாள் அப்பாயி. அவள் சொன்னது பற்றாக்குறையையா, அல்லது தன் அம்மாவின் காலத்துக் காகிதத்தையா என்று கேட்கும் அறிவு எனக்கு அப்போது இல்லை. அப்போது கேட்டிருக்க வேண்டும்.

அம்மா என் கையிலிருந்து அந்தக் காகிதத்தை வாங்குவாள். படிக்கத் தெரியாவிட்டாலும் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். பிறகு நாலாக மடித்து, முந்தானை முனையில் வைத்து முடிந்துகொள்வாள்.